ஒரே புத்தகம், இரண்டு மொழி: கனடாவில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். அம்மம்மாவும் பேத்தியும் சேர்ந்து புட்டு அவிக்கும் ஒரு சிறுவர் படக்கதையை ஆங்கிலத்தில் எழுதினேன். ரொறன்ரோவில் ஒரு சின்னப் பதிப்பகம் அதைப் போட முன்வந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் 'உலகம் முழுவதும், எல்லா மொழிகளிலும்' உரிமை வேண்டும் என்கிறார்கள். மொன்றியலில் இருக்கும் தங்கச்சியோ, "இது இருமொழி நாடுதானே, ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கம் பிரெஞ்சு என்று நாங்களே அச்சடித்தால் இரண்டு ஆட்களுக்கும் விற்கலாம்" என்கிறாள். தமிழிலும் வரவேண்டும் என்று எனக்கு ஆசை. என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி சொல்வதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இப்படி நினைத்துக் கைக்காசைப் போட்டு அச்சடித்துவிட்டு, பெட்டி பெட்டியாக வீட்டு பேஸ்மெண்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கனடா இருமொழி நாடு என்றால், 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி மத்திய அரசு இரண்டு மொழியிலும் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பொருள். புத்தகத் தொழில் அந்தக் கணக்கில் ஓடுவதில்லை. பதிப்பகம், விநியோகஸ்தர், கடை, மதிப்புரை எழுதும் பத்திரிகை, எழுத்தாளர் சங்கம் எல்லாம் ஆங்கிலத்துக்கு ஒரு வரிசை, பிரெஞ்சுக்கு இன்னொரு வரிசை. ஆளுநர் நாயகம் இலக்கிய விருதுகூட ஆங்கிலத்துக்கு ஏழு பிரிவு, பிரெஞ்சுக்கு ஏழு பிரிவு என்று தனித்தனியாகத்தான் தருகிறார்கள்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனியாகக் கொடுக்கும் ஐஎஸ்பிஎன் என்ற அடையாள எண்ணைப் பார்த்தாலே இது விளங்கும். கனடாவில் அது இலவசம். ஆங்கிலப் பதிப்பாளருக்கு ஒட்டாவாவிலுள்ள கனடா நூலக ஆவணக் காப்பகம் தருகிறது, பிரெஞ்சுப் பதிப்பாளருக்கு, மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் தேசிய நூலகம் தருகிறது. எண்ணின் தொடக்கத்திலுள்ள 978க்கு அடுத்து 0 அல்லது 1 வந்தால் ஆங்கிலம், 2 வந்தால் பிரெஞ்சு. மொன்றியலில் ஒரு பிரெஞ்சுப் புத்தகக் கடைக்குப் போனால் அலுமாரி முன்னால் நின்று பாருங்கள். ஆங்கிலப் புத்தகத்தின் முதுகில் தலைப்பு மேலிருந்து கீழே ஓடும், பிரெஞ்சுப் புத்தகத்தில் பெரும்பாலும் கீழிருந்து மேலே. ஒன்றைப் படிக்கத் தலையை வலப்பக்கம் சாய்க்க வேண்டும், மற்றதற்கு இடப்பக்கம். பாதி ஆங்கிலம் பாதி பிரெஞ்சாக இருக்கும் உங்கள் புத்தகத்தை அந்தக் கடைக்காரர் எந்தத் தட்டில் வைப்பார்?

அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. கியூபெக்கில் 1981 முதல் நடைமுறையில் உள்ள புத்தகச் சட்டப்படி, பொது நூலகமும் பள்ளிக்கூடமும் தங்கள் பகுதியிலுள்ள அங்கீகாரம் பெற்ற கடைகளில்தான் புத்தகம் வாங்க வேண்டும். அங்கீகாரம் வேண்டுமென்றால் கடையில் குறைந்தது 6000 தலைப்புகள் இருக்க வேண்டும், அதில் 2000 கியூபெக் பதிப்பகங்களுடையவை. சின்ன ஊரிலும் நல்ல கடை உயிரோடு இருக்கட்டும் என்பதற்காகக் கொண்டுவந்த சட்டம், என் பார்வையில் மிக நல்ல சட்டம். ஆனால் அந்தக் கடைகளுக்குப் புத்தகம் விநியோகஸ்தர் வழியாகத்தான் வருகிறது, விலையில் 40 விழுக்காடு கடைக்குக் கழிவாகப் போகிறது. சிறுவர் புத்தகத்துக்குப் பள்ளிதான் பெரிய வாடிக்கையாளர். தங்கச்சி காரில் பெட்டியை ஏற்றிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போனாலும், ஆசிரியருக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும், பள்ளிப் பணத்தில் அவளிடம் நேரே வாங்குவது கடினம்.

ஆகவே பிரெஞ்சுப் பதிப்பு தனிப் புத்தகமாக, கியூபெக் பதிப்பகம் ஒன்றின் பெயரில் வருவதுதான் சரி. இது புதிய வழி இல்லை. மொன்றியலின் லா பாஸ்டெக் பதிப்பகம் 2012இல் பிரெஞ்சில் போட்ட ஒரு படநூலை ரொறன்ரோவின் கிரவுண்ட்வுட் பதிப்பகம் அடுத்த ஆண்டே ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. உங்கள் புத்தகம் எதிர்த் திசையில் போக வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது ஒப்பந்தத்துக்கு வருவோம். 'எல்லா மொழிகளிலும்' என்று பதிப்பகம் கேட்பது வழக்கம்தான், அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுவரை எத்தனை புத்தகத்தின் பிரெஞ்சு உரிமையை விற்றிருக்கிறீர்கள், யாருக்கு?" பெயர் சொல்லிப் பதில் வந்தால் பிரெஞ்சு உரிமையை அவர்களிடம் கொடுக்கலாம், அவர்களுக்கு ஆட்களைத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. கொடுக்கும்போது இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பிரெஞ்சு உரிமை விற்று வரும் பணத்தில் உங்கள் தரப்புப் பங்கு பாதிக்குக் குறையக் கூடாது. ஆங்கிலப் பதிப்பு வெளிவந்து 18 அல்லது 24 மாதத்துக்குள் விற்காவிட்டால் உரிமை தானாகவே உங்களிடம் திரும்ப வேண்டும். இந்த இரண்டாவது வரி இல்லாததால் பத்து ஆண்டாக யாரும் தொடாமல் கிடக்கும் பிரெஞ்சு உரிமைகள் எத்தனையோ. பதில் இழுபறியாக வந்தால் 'ஆங்கிலம் மட்டும்' என்று மாற்றிக் கையெழுத்துப் போடுங்கள்.

படம் வரைபவரை மறந்துவிட வேண்டாம். படங்களின் உரிமை அவருடையது. பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் அவர் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்புச் செலவை நினைத்துப் பயப்படாதீர்கள். கனடிய எழுத்தாளரின் இலக்கிய நூலை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கோ பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கோ கொண்டுபோகக் கனடா கலை மன்றம் உதவித்தொகை தருகிறது. விண்ணப்பிப்பது பதிப்பகம், நீங்கள் இல்லை. அதனால் முதலில் ஆளைப் பிடித்து மொழிபெயர்த்துவிட்டுப் பிறகு பதிப்பகம் தேடுவது வீண் செலவு. பதிப்பகம் தனக்கு நம்பிக்கையான மொழிபெயர்ப்பாளரைத்தான் போடும்.

உங்கள் பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. பிரெஞ்சு, ஆங்கிலத்தைவிட 15, 20 விழுக்காடு நீளும். படத்தின் மேலேயே எழுத்து வரும் பக்கங்களில் கொஞ்சம் வெற்றிடம் விடும்படி ஓவியரிடம் இப்போதே சொல்லுங்கள். அப்புறம் தமிழ்ச் சொற்கள். ஆங்கிலத்தில் 'பி, யு, டி, டி, யு' என்று எழுதினால் புட்டு சரியாக வந்துவிடும். அதையே பிரெஞ்சுக் குழந்தை படித்தால் அந்த 'யு' உதட்டைக் குவித்துச் சொல்லும் 'இ' போல ஒலிக்கும், புட்டு காணாமல் போய்விடும். உகர ஒலி வேண்டுமென்றால் பிரெஞ்சில் 'ஓ, யு' என்று இரண்டு எழுத்துப் போட வேண்டும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் முத்து என்ற பெயரை அந்த இரண்டு எழுத்தோடு எழுதியது இதனால்தான். மொழிபெயர்ப்பாளருக்கு இது தெரிந்திருக்கும் என்று நம்பி இருக்காமல், ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் உங்கள் குரலில் பதிவு செய்து அனுப்புங்கள். அம்மம்மாவின் வீட்டுச் சொல் எப்படி ஒலிக்கும் என்று உங்களைத் தவிர வேறு யார் சொல்லுவார்?

தமிழ் உரிமையை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். ரொறன்ரோப் பதிப்பகத்துக்கு யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ ஆள் தெரிய வாய்ப்புக் குறைவு, உங்களுக்குத்தான் தெரியும். 'தமிழ் மொழி உரிமை எழுத்தாளரிடமே இருக்கும்' என்று ஒரு வரி போடக் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ரொறன்ரோ பொது நூலகம் தமிழ்ப் புத்தகங்களை வாங்கி வைக்கிறது, எனவே தமிழ்ப் பதிப்புக்கு இங்கேயும் இடம் உண்டு.

பதிப்பகத்தோடு போனால் ஐஎஸ்பிஎன் வாங்குவதும் காப்பகத்துக்குப் பிரதி அனுப்புவதும் அவர்கள் வேலை. உங்கள் வேலை ஒன்று: புத்தகம் வந்ததும் பொது நூலக இரவல் உரிமைத் திட்டத்தில் பெயரைப் பதியுங்கள். நூலகங்களில் உங்கள் புத்தகம் இருப்பதற்காக ஆண்டுதோறும் எழுத்தாளருக்கு நேரே பணம் தரும் திட்டம் அது, 1986இல் இருந்து நடக்கிறது. பதிவு பெப்ரவரி 15 முதல் மே 1 வரைதான் திறந்திருக்கும். 20 டொலர் படநூலுக்கு 10 விழுக்காடு ராயல்டி என்றால், ஓவியரோடு பகிர்ந்தபின் பிரதிக்கு ஒரு டொலர்தான் உங்கள் கைக்கு வரும், எனவே இந்தப் பணத்தைத் தவறவிடாதீர்கள்.

தங்கச்சிக்கும் ஒரு வேலை இருக்கிறது. நவம்பரில் மொன்றியல் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது சிறுவர் பதிப்பகங்களின் கடைகளைச் சுற்றி வரட்டும். குடும்பக் கதை, சமையல், பாட்டி பேத்தி என்று யார் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, பெயரைக் குறித்து, அட்டையைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். அந்தப் பட்டியலை உங்கள் பதிப்பகத்திடம் கொடுத்து, இவர்களிடம் கேட்டீர்களா என்று கேளுங்கள்.