கலகமா, கிளர்ச்சியா, புரட்சியா?

வணக்கமுங்க அண்ணா,

என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். தீரன் சின்னமலை பற்றிய கட்டுரையில் 'கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகக் கலகம் செய்தார்' என்று எழுதியிருந்தான். ஆசிரியர் 'கலகம்' என்பதைச் சிவப்பு மையில் அடித்து, மேலே 'புரட்சி' என்று எழுதி, அரை மதிப்பெண்ணையும் குறைத்துவிட்டார். கலகம் கெட்ட வார்த்தைங்களா? கிளர்ச்சி என்றும் ஒன்று இருக்கிறதே, எதை எங்கே எழுதுவது?

வாசகி, பெருந்துறை

அன்புள்ள தங்கச்சிக்கு,

கெட்ட வார்த்தை இல்லைம்மா. ஆனால் சின்னமலைக்கு அது பொருந்தாது, ஆசிரியர் எழுதிய புரட்சியும் பொருந்தாது.

வறள் வறட்சி ஆவது போல, திரள் திரட்சி ஆவது போல, புரள் என்பதிலிருந்து வந்தது புரட்சி. கோடை மழை பெய்த மறுநாள் எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஏர் பூட்டும்போது நான் பின்னாலேயே நடப்பேன். கொழு போன இடத்தில், வெயிலில் வெளுத்த மேல்மண் அடியில் போய், ஈரச் செம்மண் மண்புழுவோடு மேலே வந்து கிடக்கும். "நல்லாப் பொரண்டிருக்குது பாரு கண்ணு" என்பார். அதுதான் அந்தச் சொல், அடியில் கிடந்தது மேலே வரவேண்டும். பெரியார் ஈரோட்டிலிருந்து 1928ல் தொடங்கிய ஆங்கில வார இதழுக்கு 'ரிவோல்ட்' என்று பெயர், 1933ல் 'குடி அரசு' நின்றுபோனபோது தொடங்கிய தமிழ் வார இதழுக்குப் 'புரட்சி' என்று பெயர். சாதி அடுக்கையே புரட்டிப் போட நினைத்தவர் அந்தச் சொல்லை எடுத்தது நியாயம். இப்போது செல்போன் விளம்பரத்திலும் புரட்சி என்கிறார்கள், வயிறு எரிகிறது.

கிளர்ச்சியில் ஆட்சி அப்படியே இருக்கும், ஒரு குறைக்காகப் பல பேர் திரண்டு எழுந்து அதனிடம் கேட்பார்கள். 1970ல் மின்கட்டணம் ஏறியதை எதிர்த்து நம் விவசாயிகள் எழுந்தார்களே, பெருமாநல்லூரில் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்களே, 1972ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோயமுத்தூருக்குள் மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய்த் தெருவை அடைத்தார்களே, அது கிளர்ச்சி. அப்புச்சியும் போனவர்தான். அவர் வாயில் அது கடைசிவரை "வண்டி கட்டிட்டுப் போனது" மட்டும்தான்.

கலகம் என்பது ஒரு அதிகாரத்துக்குக் கீழே இருப்பவர்கள் அதை மீறித் திருப்பி அடிப்பது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் எழுந்த சிப்பாய்கள் கம்பெனிச் சம்பளம் வாங்கியவர்கள். புதுத் தலைப்பாகையைப் போடச் சொன்னதில் கொதித்துப்போய், தங்கள் அதிகாரிகள் மேலேயே துப்பாக்கியைத் திருப்பினார்கள். அதைக் கலகம் என்றால் அவர்களுக்கு ஒரு இழுக்கும் இல்லை. 'கலகம் மூட்டினார்' என்று மட்டும் எழுதிவிடக் கூடாது, அது சிண்டு முடிகிற வேலை.

சரி, சின்னமலைக்கு வருகிறேன். அவர் கம்பெனியைத் தனக்கு மேலான அரசாக ஒருநாளும் ஏற்றுக்கொண்டவர் இல்லை. ஓடாநிலையில் கோட்டை கட்டி, படை வைத்து, 1801ல் காவிரிக் கரையில், 1802ல் ஓடாநிலையில், 1804ல் அறச்சலூரில் என்று எதிரே நின்று மோதியவர். அதைக் கலகம் என்று எழுதினால், கம்பெனிதான் முறையான அரசு, இவர் அடங்காத குடி என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. புரட்சி என்றால் மேலே இருந்தவன் கீழே போயிருக்க வேண்டும், ஆனால் 1805 ஜூலை 31ல் சங்ககிரியில் தூக்கில் போட்டது கம்பெனிதான். அவர் செய்தது போர். தோற்றாலும் போர் போர்தான்.

பையன் 'கம்பெனியோடு போரிட்டார்' என்று எழுதட்டும். ஆசிரியரிடமும் இதைக் காட்டுங்கள், சொல்லைப் பார்த்துத் திருத்துகிறவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆடி 18க்கு முடிந்தால் அவனை ஓடாநிலைக்குக் கூட்டிப் போங்கள், உங்களுக்குப் பக்கம்தானே.

அன்புடன்,
அண்ணன்