எஞ்சின் மாறினால் கிளட்ச் யார் பக்கம்?

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எஞ்சின் மாற்றியவர்களுடையவை. எஞ்சின் ஓடுகிறது, சத்தமும் அருமை. வண்டிதான் ஒழுங்காக நகரமாட்டேன் என்கிறது.

பழைய அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு கான்டெஸாவின் இசுசு 1.8 பெட்ரோல் எஞ்சினை ஏற்றப்போகிறேன். கியர் பாக்ஸ் நன்றாகவே இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா? (ஈரோடு வாசகர்)

வேண்டாம். கிளட்சை மூடும் பெல் ஹவுசிங், எஞ்சினின் பின்முனையில் சுழலும் ஃபிளைவீல், கிளட்ச் பிளேட்டை அதன்மேல் அழுத்தும் பிரஷர் பிளேட், கிளட்சை விடுவிக்கும் ஃபோர்க், 5 கியர் பாக்ஸ் எல்லாவற்றையும் எஞ்சினோடு ஒரே வண்டியிலிருந்து வாங்கிவிடுங்கள். இந்துஸ்தான் மோட்டார்ஸே 1990களில் இந்த ஜோடியை அம்பாசிடரில் போட்டு 1800 ஐஎஸ்இசட் என்று விற்றது. மிஞ்சுவது கியர் பாக்ஸைத் தாங்கும் சட்டம், ஸ்டீயரிங்கிலிருந்து தரைக்கு வரவேண்டிய கியர் லிவர், பின் ஆக்சிலுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளம். ஷாஃப்டை அளக்கும்போது நாலு சக்கரமும் தரையில் இருக்கட்டும். ஜாக்கியில் நின்றால் பின் ஆக்சில் தொங்கி அளவு மாறிவிடும்.

ஜீப்பில் வேறு டீசல் எஞ்சின். இரண்டையும் இணைக்கும் அடாப்டர் பிளேட் அடித்துக் கியர் பாக்ஸை ஏற்றினால் 6 மி.மீ. இடைவெளி நிற்கிறது. போல்ட்டை முறுக்கினால் சேர்ந்துவிடும் என்கிறார் மேஸ்திரி. (தேனி வாசகர்)

ஸ்பேனரைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். பெல் ஹவுசிங் கைத் தள்ளலிலேயே எஞ்சின் முகத்தில் வந்து உட்காரவேண்டும். போல்ட் இறுக்கிப் பிடிக்கத்தான், இழுத்துச் சேர்க்க அல்ல. தொழில் பழகிய காலத்தில் நானும் முறுக்கியிருக்கிறேன். மூன்றாவது போல்ட்டில் 'டப்' என்று ஒரு சத்தம். அலுமினியப் பெல் ஹவுசிங்கின் காது கையோடு வந்துவிட்டது. அந்த மாதச் சம்பளமும் அதோடு போனது.

கிளட்ச் பிளேட் நடுவில் நிற்காவிட்டாலும் இடைவெளி விழும். கியர் பாக்ஸிலிருந்து கிளட்சுக்குள் நுழையும் இன்புட் ஷாஃப்ட்டில் பழையது ஒன்றை உள்ளே விட்டு நடுவைப் பிடித்து, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அதற்குப் பிறகும் நின்றால், ஷாஃப்ட்டின் மூக்கு, எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் முனையிலுள்ள குழியின் அடியில் முட்டுகிறது என்று சந்தேகப்படுங்கள். குழியின் அடியில் ஒரு களிமண் உருண்டையை வைத்து, கிளட்ச் இல்லாமல் கியர் பாக்ஸை முட்டும்வரை தள்ளிவிட்டு எடுத்துப் பாருங்கள். முகம் முழுதாகச் சேர்ந்து, நசுங்கிய களிமண் 3 மி.மீ. மிச்சமிருந்தால் நிம்மதி. ஒன்றுமே மிஞ்சாவிட்டால் ஷாஃப்ட் கிராங்க்கை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்து எஞ்சினே போய்விடும். அடாப்டர் பிளேட்டின் தடிமனைக் கூட்டுவதுதான் வழி. கூட்டியதில் மூக்கு, குழிக்குள் அதைத் தாங்கும் பைலட் புஷ்ஷை எட்டாமல் போனால், லேத் பட்டறையில் வெண்கலத்தில் நீளமான புஷ் கடைந்து வாங்குங்கள்.

கிளட்ச் பிளேட்டை எஞ்சினுக்குப் பார்த்து வாங்குவதா, கியர் பாக்ஸுக்கா? (நாகர்கோவில்)

இரண்டுக்கும். வெளிவட்டம் ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் பொருந்தவேண்டும். நடுவிலுள்ள பற்கள் இன்புட் ஷாஃப்டுக்கு. பற்களை எண்ணினால் மட்டும் போதாது, ஷாஃப்டின் விட்டத்தையும் வெர்னியரில் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

புது கிளட்ச் பிளேட் இரண்டே மாதத்தில் நடு ஹப்போடு பிய்ந்துவிட்டது. மேலே உராயும் லைனிங் தேயவே இல்லை. மட்டமான சரக்கா? (சேலம்)

சரக்கைத் திட்டாதீர்கள். லைனிங் புதுசாக இருக்க ஹப் பிய்கிறதென்றால், கிராங்க் மையமும் கியர் பாக்ஸ் மையமும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்றுதான் முதலில் நினைக்கவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பிளேட்டை மடக்கி நிமிர்த்தினால் எந்த இரும்பு தாங்கும்?

கியர் பாக்ஸை இறக்கி, வெறும் பெல் ஹவுசிங்கை மாட்டுங்கள். நுண்ணிய விலகலை முள்ளில் காட்டும் டயல் கேஜை ஃபிளைவீலில் நிறுத்தி, ஹவுசிங்கின் பின்பக்கத் துளையின் உள்விளிம்பில் அதன் முனையை வைத்து எஞ்சினைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். முள் காட்டும் மொத்த வித்தியாசம் 0.13 மி.மீ.க்குள் இருக்கவேண்டும். 0.40 காட்டினால் மையம் நகர்ந்திருப்பது அதில் பாதி, 0.20. ஹவுசிங்கைச் சரியான இடத்தில் நிறுத்தும் டவல் பின்னுக்குப் பதில், மையம் விலகிய டவல் பின் போட்டு அந்தப் பாதியைத் திருத்தலாம். அடாப்டர் பிளேட்டைக் கடைந்தவர் டவல் துளையே போடாமல் போல்ட் துளைகளை மட்டும் போட்டிருந்தால், அதை அவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

கிளட்ச் பெடலை முழுக்க மிதித்தும் ரிவர்ஸ் 'கர்ர்' என்கிறது. மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாக்கலாமா? (கோவை)

முதலில் எண்ணெய்க் குழாயிலுள்ள காற்றை எடுங்கள். பெடலை மிதிக்கும்போது ரப்பர் ஹோஸ் உப்புகிறதா, எஞ்சினுக்கும் உள்ளே உட்காருமிடத்துக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகடு வளைகிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கிளட்ச் பிளேட் முன்பின் மாறியிருந்தாலும் இதே கதைதான். பொதுவாக ஸ்பிரிங் புடைத்த பக்கம் கியர் பாக்ஸைப் பார்க்கும். எல்லாம் சரியென்றால் மட்டும் மாஸ்டருக்கு வாருங்கள். 15.87 மி.மீ. துளையை 19.05 ஆக்கினால் ஒரே மிதிக்குப் போகும் எண்ணெய் சுமார் 44 சதவீதம் கூடும், பெடல் கனமும் அதே அளவு கூடும். கோவை டிராஃபிக்கில் இடது கால் அதைத் தாங்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினை மாற்றிவிட்டு ஆர்டிஓவிடம் சொன்னால் போதுமா? (விருதுநகர்)

மாற்றுவதற்கு முன்பே போய்க் கேளுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. புது எஞ்சின் எண் ஆர்சியில் ஏறவேண்டும். எஞ்சின் வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள்.