பட்டமங்கலத்து ஆறு மாணவிகள்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகளுக்காக மாயக்கதைகள் எழுதிவருகிறேன். கானாடுகாத்தானில் பூட்டிக்கிடக்கும் ஒரு பெரிய வீட்டுக்குள் ரகசியமாக ஒரு மந்திரப் பள்ளி நடக்கிறது. நகரத்தாரின், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின், ஒன்பது நகரக்கோயில்களின் பெயரால் மாணவர்கள் ஒன்பது அணிகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். ஆளுக்கொரு கறுப்பு அங்கி, ஒரு கோல். இதுவரை எழுதிய ஆறு சிறுகதைகளை இணைத்திருக்கிறேன். வகுப்பில் வாசித்துக் காட்டியபோது ஒரு பையன், "டீச்சர், வீடு மட்டுந்தான் நம்ம ஊரு, மத்ததெல்லாம் எங்கேயோ பாத்த மாதிரி இருக்கு" என்றான். அதற்குப் பிறகு எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. மந்திரப் பள்ளி என்ற கதைவகையே நம் மண்ணுக்கு ஒட்டாதா? ஒட்டும் என்றால் நான் எதை மாற்ற வேண்டும்?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

ஆறு கதைகளையும் படித்தேன். வீடு அழகாக வந்திருக்கிறது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒவ்வொரு வாசலாகத் திறந்துகொண்டு போகும்போது நானும் கூடவே போனேன். ஆனால் அந்த வீட்டுக்குள் யாரும் எதையும் படிப்பதில்லை. பிள்ளைகள் மந்திரம் சொல்கிறார்கள், உடனே பலிக்கிறது, அடுத்த பக்கத்தில் எதிரி வந்துவிடுகிறான். பள்ளிக்கூடத்தை வைத்துக் கதை எழுதினால் பாடம் நடக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒன்று தெரியாமல் இருந்து, தப்பும் தவறுமாகச் செய்து, எல்லார் முன்னாலும் தலைகுனிந்து, கடைசியில் அது கைவருவதும், அதற்காகப் பிள்ளை எதைக் கொடுத்தது என்பதும்தான் இந்த வகைக் கதையின் உயிர். அங்கியையும் கோலையும் எடுத்துவிட்டாலும் இந்தக் குறை அப்படியே இருக்கும்.

நம் மண்ணுக்கு ஒட்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். திருப்பத்தூர் பக்கத்தில், உங்களிடமிருந்து அதிக தூரமில்லாமல், பட்டமங்கலம் இருக்கிறது. குருப்பெயர்ச்சிக்குப் போயிருப்பீர்கள், தட்சிணாமூர்த்தி அங்கே கிழக்குப் பார்த்து இருப்பார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 33ஆவது படலம் அட்டமாசித்தி உபதேசித்த படலம். முருகனுக்குப் பாலூட்டிய கார்த்திகைப் பெண்கள் அறுவர் சிவனிடம் போய் எட்டுச் சித்திகளையும் கற்றுக்கொடுக்கும்படி கேட்கிறார்கள். அவர் சொல்லும்போது அவர்கள் மனத்தில் வாங்கவில்லை. பட்டமங்கையில், அதாவது இந்தப் பட்டமங்கலத்தில், ஆலமரத்தடியில் ஆயிரம் வருடம் கல்லாகக் கிடக்கும்படி சபிக்கப்படுகிறார்கள். காலம் முடிந்ததும் சிவனே குருவாக அங்கே வந்து, அவர்களை எழுப்பி, விட்ட பாடத்தைச் சொல்லி முடிக்கிறார்.

ஆசிரியர், ஆறு மாணவிகள், பாடத்திட்டம், தண்டனை, மறுவகுப்பு எல்லாம் இதில் இருக்கிறது. மந்திரப் பள்ளி செட்டிநாட்டுக்கு வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. ஆனால் இதை அப்படியே புராணக் கதையாக எழுதிவிடாதீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளை இதைக் கேட்டதும் முதலில் என்ன கேட்கும் என்று யோசியுங்கள். கவனிக்காததற்கு ஆயிரம் வருடமா? ஆறு பேருமா கவனிக்கவில்லை? ஒருத்தி கவனித்திருந்து, தோழிகளுக்காகச் சொல்லாமல் கல்லானாளா? கல்லாக இருந்தபோது காது கேட்டதா? இவை ஒவ்வொன்றும் ஒரு சிறுகதை. குருவின் பக்கத்திலும் ஒன்று உண்டு: தண்டித்தவரே வந்து பாடத்தை முடிக்கிறார். ஆயிரம் வருடமும் அந்த முடியாத பாடம் அவருக்குள் என்ன செய்தது? ஆசிரியையான உங்களால்தான் அதை எழுத முடியும்.

பாடம் எப்படி நடக்கும் என்பதற்கு நம் திண்ணைப் பள்ளியைப் பாருங்கள். சட்டாம்பிள்ளை முன்னால் சொல்ல, மற்றவர்கள் எண்சுவடி என்ற கணக்கு வாய்ப்பாட்டைப் பாடிப் பாடி மனப்பாடம் செய்த இடம் அது. அங்கே சொல்லிக்கொடுத்த பின்னங்கள் கீழே போய்க்கொண்டே இருக்கும். மா என்றால் 20இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. அணிமா, அதாவது உடம்பைச் சிறிதாக்கும் சித்தி, இந்த வாய்ப்பாட்டின் வழியாகவே கற்பிக்கப்படுகிறது என்று வையுங்கள். உங்கள் நாயகி 160 சென்டிமீட்டர் உயரம். மா என்று சரியாகச் சொன்னால் 8 சென்டிமீட்டர் ஆவாள். காணியில் 2. முந்திரியில் அரை சென்டிமீட்டர், ஓர் எறும்பு அளவு. அதற்கும் கீழே கீழ்முந்திரி இருக்கிறது, முந்திரியில் முந்திரி: 1,02,400இல் ஒன்று. அந்த அளவில் அவள் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்கமாட்டாள். அங்கே போனவளுக்குத் தன்னைக் கூப்பிடும் குரல் கேட்குமா? திரும்பி ஏற, அதே வாய்ப்பாட்டை ஒரு வரி தவறாமல் தலைகீழாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் எல்லாரும் முந்திரியோடு நிறுத்துகிறார்கள். கணக்கில் மக்கு என்று பெயர் வாங்கிய பிள்ளை இறங்கிப் போகிறது. எனக்கு இந்தக் கதையைப் படிக்க வேண்டும் போல இருக்கிறது.

இனி விலை. உங்கள் மந்திரங்களுக்கு விலையே இல்லை, அதனால்தான் பயமும் இல்லை. செட்டிநாட்டில் இதற்குப் பஞ்சமா? ரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் பல கடைகள், கடைக்கொரு பெட்டி. சின்ன வயதில் ஊரைவிட்டுப் போன பையன் முதலில் பெட்டியடிப் பையன். கூட்டுவது, தண்ணீர் எடுப்பது, மேலாள் கணக்கு எழுதுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்று ஆரம்பித்து, தேறினால் அடுத்தாள், பிறகு மேலாள். மூன்று வருடத்துக்கு ஒரு கணக்கு முடியும். ஐந்தொகை, அதாவது இறுதிக் கணக்கு, நேராக வேண்டும். ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு இருந்தே தீர வேண்டும். உங்கள் பள்ளியின் அடிப்படை விதியாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வருட மாணவன் ஒருவன், தாத்தா ஊர் ஊருணி வற்றிவிட்டது என்று மழையை வரவழைக்கிறான். ஊரே கொண்டாடுகிறது. இரவில் பெட்டியடிப் பையன் பேரேட்டைப் புரட்டுகிறான். வரவு எழுதியிருக்கிறது, பற்று எந்த ஊர் பேரில் என்று பார்த்தால் அது அந்தப் பெட்டியடிப் பையனுடைய ஊர். சொல்வானா, மறைப்பானா? எதிரி வராமலே கதை நடக்கும்.

அந்த வீடு ஏன் பூட்டிக்கிடக்கிறது என்று ஆறு கதைகளிலும் நீங்கள் சொல்லவில்லை. இங்கேயே காரணம் இருக்கிறது. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த வருடம் பர்மா ஜப்பான்காரர் கைக்குப் போனது, கொடுத்த கடன்கள் அப்படியே நின்றன. ஐந்தொகை நேராகாத பள்ளியை மேலாள் பூட்டத்தானே செய்வார்?

ஒன்பது அணிகள் பற்றி உறுதியாகச் சொல்கிறேன், அதை எடுத்துவிடுங்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று அந்தக் கோயில்கள் நகரத்தாருக்குப் பிறப்பால் வருபவை. கல்யாணமானால்தான் அங்கே ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கு. பெண் கணவனுடைய கோயிலுக்குப் போய்விடுவாள். பெரிய கோயில்களின் உட்பிரிவுகளை விட்டால், ஒரே கோயில்காரர்கள் பங்காளிகள், அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. உங்கள் மூன்றாவது கதையில் ஒரே அணியில் இருக்கும் இரண்டு பேர் காதலிக்கிறார்கள். ஊர்க்காரப் பிள்ளைகள் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

அதைவிட முக்கியமானது வேறு. உங்கள் வகுப்பில் இருப்பவர்களில் எத்தனை பேர் இந்தப் பள்ளியில் சேர முடியும்? பிறந்த வீட்டைப் பார்த்து மந்திரம் கொடுக்கும் பள்ளியைப் பிள்ளைகளுக்கு நாம் எழுதிக்கொடுக்கக் கூடாது. அந்த வீட்டைக் கட்டிய கைகள் எல்லாம் வெளியே நிற்கின்றன: முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து சுவரை மெருகேற்றிய கொத்தனார், தேக்கைச் செதுக்கிய ஆசாரி, தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் வார்த்தவர். ஆத்தங்குடியில் கல் வார்ப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறீர்களா? கண்ணாடிமேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றுவார்கள். பூவின் முகம் கீழே கண்ணாடியோடு ஒட்டியிருக்கும், வார்ப்பவர் பார்ப்பது முதுகை. மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்துக் கண்ணாடியை எடுக்கும்போதுதான் முகம் தெரியும். இந்த வேலை தெரிந்தவரை உங்கள் பள்ளியில் உருமாற்றம் சொல்லித்தரும் ஆசிரியர் ஆக்குங்கள். முதுகிலிருந்தே முகத்தை அறிவது அவருடைய பாடம். அணி வேண்டுமென்றால் எந்த ஆசிரியரிடம் கைவேலை பழகுகிறார்கள் என்பதை வைத்துப் பிரியுங்கள்.

தேர்வு ஒன்றும் கேட்டிருந்தீர்கள், நான்காவது கதையின் ஓரக்குறிப்பில். பிள்ளையார் நோன்பை மறந்துவிட்டீர்களா? திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், 21 இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி, வீட்டுப் பெரியவர் எடுத்துக்கொடுக்க, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். குழந்தைகளும் பயமில்லாமல் வாங்கிக்கொள்வார்கள், பெரியவர் கையிலிருந்து வருவதால். அந்தக் கையை நம்பாத ஒரு மாணவி வரிசையில் நிற்கட்டும்.

மொழியில் சிறிய திருத்தங்கள்தான். கதைக்குள் செட்டி வீட்டுப் பிள்ளைகள் அப்பா, மாமா என்று பேசுகிறார்கள். அப்பாவுக்கு அப்பச்சி, அம்மாவுக்கு ஆத்தா, மாமாவுக்கு அம்மான், அண்ணிக்கு அண்ணமிண்டி, இவை எல்லாம் எங்கே போயின? ஆசாரி வீட்டுப் பெண்ணுக்கு அவள் வீட்டுப் பேச்சைக் கொடுங்கள். மந்திரங்களுக்குப் புரியாத ஒலிகளைத் தேட வேண்டாம், வாய்ப்பாடு போதும்.

ஐந்தாவது கதையைக் கைவிடாதீர்கள். ஒரு மந்திரமும் பலிக்காத பெண் மூன்றாங்கட்டில் சமையல்கார ஆச்சியோடு நாள் முழுக்க மாவாட்டுகிறாளே, ஆறில் அங்கே மட்டும்தான் ஒருத்தி எதையோ கற்றுக்கொள்கிறாள். தொகுப்பை அவளிடமிருந்து தொடங்குங்கள். ஒரு பீரியடுக்குள் வாசித்து முடிக்கும் அளவில் திருத்தி எழுதி அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்.