வீட்டுக்குள்ளா, வெளியிலா? பூனை வளர்ப்போரின் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: பாளையங்கோட்டையில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். இரண்டு மாதக் குட்டியை எடுத்து வந்திருக்கிறோம். பூனையை அடைத்து வளர்ப்பது பாவம் என்கிறார் என் மாமியார்.

பதில்: முற்றமும் புறவாசலும் இருந்த வீட்டுப் பூனையை நினைத்து அவர் சொல்லியிருக்கக்கூடும். வெளியே சுற்றிப் பழகாத குட்டி அதற்காக ஏங்குவதில்லை. ஏறவும் பதுங்கவும் நகம் கீறவும் இடமில்லாதபோதுதான் சோர்ந்துபோகிறது. ஜன்னலோரப் பலகை, சணல் கயிறு சுற்றிய கட்டை, தினமும் இருவேளை விளையாட்டு ஆகியவை போதும். ஜன்னலுக்கும் பால்கனிக்கும் முதலில் கம்பி வலை அடியுங்கள். எங்கிருந்து விழுந்தாலும் பூனை தப்பித்துவிடும் என்பது உண்மையன்று, தாடை உடைவதும் மார்பில் அடிபடுவதும் உண்டு. வெளியே போகாத பூனைக்கும் தடுப்பூசி தேவை. உயிரைப் பறிக்கும் பான்லுக்கோபீனியா வைரஸ் நம் செருப்பில் ஒட்டிக்கொண்டும் உள்ளே வரும்.

கேள்வி: சேரன்மகாதேவி அருகே எங்களுக்கு வயல் உண்டு. ஐந்து வயதுக் கடுவன் பூனை இரவெல்லாம் வயலில் திரிந்து, அடிக்கடி சண்டைக் காயத்துடன் வருகிறது. கட்டிப்போடலாமா? எலி பெருகிவிடும் என்றும் அச்சமாக இருக்கிறது.

பதில்: கட்டவே கூடாது, கயிறு கழுத்தை இறுக்கிவிடும். முதலில் கருத்தடை செய்யுங்கள். கடுவன் ஊர் சுற்றுவதும் சண்டையிடுவதும் பெரும்பாலும் இணைக்காகவும் எல்லைக்காகவும்தான் என்பதால், அறுவைக்குப் பிந்தைய சில வாரங்களில் இரண்டும் குறையும். பல் பதிந்த காயம் மேலே ஆறியதுபோல் தோன்றினாலும் உள்ளே சீழ் கட்டும். வீக்கத்தை நீங்களே கீறாமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். மனிதர்களுக்கான பாராசிட்டமால் மாத்திரையைத் துளியும் கொடுக்காதீர்கள், அது பூனையைக் கொன்றுவிடும்.

ஐந்து ஆண்டுகள் வெளியே வாழ்ந்த விலங்கை ஒரே நாளில் அடைத்தால் கத்தித் தீர்க்கும். எனவே பகலில் விட்டுவிட்டு, இரவுச் சாப்பாட்டைப் பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்குள் மட்டும் வைத்துக் கதவைச் சாத்திப் பழக்குங்கள். சண்டை, வாகனம், கண்ணாடி விரியன் என்று பூனையைக் காவு கொள்பவற்றில் பல இரவில்தான் காத்திருக்கின்றன. பகலிலும் நீங்காத அபாயம் எலி மருந்து: பிசான நெல் அறுவடையையொட்டி யாரேனும் வைத்த மருந்தைத் தின்ற எலியைப் பிடித்துத் தின்றால் பூனைக்கும் விஷம் ஏறும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை மருந்தானால் அறிகுறி தெரியவே சில நாட்களாகும். ஈறு வெளுத்தாலோ மூக்கில் இரத்தம் கசிந்தாலோ உடனே இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ செல்லுங்கள். எலியைப் பொறுத்தவரை, நெல் வைக்கும் அறையின் துவாரங்களை அடைப்பதும் பொறி வைப்பதுமே பூனையைவிட நம்பகமானவை.

கேள்வி: நாங்கள் கூந்தன்குளத்துக்காரர்கள். பறவைகள் வரும் மாதங்களில் பூனையை என்ன செய்வது?

பதில்: அந்த மாதங்களில் முழுமையாக உள்ளே வையுங்கள், இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு முன்பே வீட்டு மரங்களில் செங்கால் நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் இடம் கொடுத்த ஊர் உங்களுடையது. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சு பூனையிடமிருந்து தப்புவது அரிது. கழுத்து மணி பெரிய பறவைகளை ஓரளவு எச்சரிக்கலாம். பறக்காத குஞ்சுக்கு அதனால் பயனில்லை. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும் என்பதையும் மறவாதீர்கள்.

கேள்வி: சைவ வீடு. தயிர்ச்சோறு மட்டும் கொடுத்து உள்ளேயே வளர்க்கலாமா?

பதில்: கூடாது. வெளியே திரியும் பூனை எலியையும் பல்லியையும் தின்று ஈடுகட்டிக்கொள்ளும். அடைத்து வைத்தால் அந்த வழியும் அடைபடும். டாரின் என்னும் சத்துக் குறைந்தால் பார்வையும் இதயமும் கெடும். வீட்டில் மீன் சமைக்க இயலாதெனில் கடையில் விற்கும் பூனைத் தீவனம் வாங்குங்கள்.

கேள்வி: வெளியே போய்வரும் எங்கள் பூனை என் மகனைக் கடித்துவிட்டது.

பதில்: காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வெறிநோய் பூனையிடமிருந்தும் பரவும். மஞ்சளோ சுண்ணாம்போ தடவாதீர்கள்.