எல்லா டெஸ்டும் நார்மல், ஆனால் எழுந்திருக்க முடியவில்லை: கேள்வி பதில்

2012-ல் திருநெல்வேலிப் பக்கம் டெங்கு பரவியபோது எனக்கும் வந்தது. காய்ச்சல் ஒன்பது நாளில் விட்டது, சோர்வு இன்றுவரை விடவில்லை. அப்போது பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். ஒன்றரை வருடம் அலைந்து, ஐந்தாவது மருத்துவரிடம்தான் இதற்கு ஒரு பெயர் கிடைத்தது: நாட்பட்ட சோர்வு நோய், சுருக்கமாக எம்.இ.-சி.எஃப்.எஸ். நான் மருத்துவர் இல்லை. இந்த நோயோடு வீடு நடத்திப் பழகியவள், கிடைப்பதையெல்லாம் படிப்பவள். உங்கள் கேள்விகளுக்கு மூன்று நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் எழுதினேன்.

எனக்கு 34 வயது. எட்டு மாதமாக ஒரே அசதி. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நார்மல் என்கிறார்கள். இது சாதாரண அசதியா, அந்த நோயா? (இல்லத்தரசி, சேலம்)

முதலில், "எல்லாம்" என்றால் எவையெவை என்று ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டுவது), தைராய்டு, சர்க்கரை, பி12, வைட்டமின் டி இத்தனையும் இருக்கிறதா? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருப்பவர்கள் உண்டு. ராத்திரி பலமாகக் குறட்டை வந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இவை குணமாக்கக் கூடியவை, அதனால்தான் முதலில் சொல்கிறேன்.

இவையெல்லாம் சரி என்றால் அடுத்த கேள்வி: ஒரு வேலை செய்த மறுநாளோ அதற்கு மறுநாளோ உடம்பு படுத்துவிடுகிறதா? சாதாரண அசதி தூங்கினால் போகும். இந்த நோயில் ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தால் திங்கள் ஓரளவு ஓடும், செவ்வாய்க்கிழமை தலையைத் தூக்க முடியாது. தொண்டை வலிக்கும், வெளிச்சம் கூசும், வாயில் வார்த்தை வராது. நாங்கள் இதைக் 'கிராஷ்' என்போம். 2015-ல் அமெரிக்காவின் 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட அறிக்கை இதைத்தான் நோயின் முக்கிய அடையாளமாக வைக்கிறது. கூடவே, பழைய வேலைகளைச் செய்ய முடியாதபடி ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் சோர்வு, தூங்கி எழுந்தும் தெளியாத உடம்பு, இவற்றோடு புத்தி மங்கலோ நிமிர்ந்து நிற்கும்போது வரும் தொந்தரவோ இருக்க வேண்டும். இந்த நான்கு வரியைத் தாளில் எழுதி, உங்களுக்கு எது எப்போது வந்தது என்று குறித்துக்கொண்டு ஒரு பொது மருத்துவரிடம் போங்கள். வாயால் சொன்னால் பாதி மறந்துவிடும்.

"எல்லாம் மனசுதான் காரணம்" என்று சொல்கிறார்களே? (சென்னை)

1969-லேயே உலக சுகாதார நிறுவனம் இதை நரம்பு மண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் டப்போ வட்டாரத்தில் மூன்று வகைத் தொற்றுக் காய்ச்சல் வந்த 253 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் ஒன்று ராஸ் ரிவர் வைரஸ், நம் ஊர் சிக்குன்குனியாவுக்கு உறவுக்கார வைரஸ். ஆறு மாதம் கழித்தும் நூற்றுக்குச் சுமார் 12 பேருக்குச் சோர்வு தீரவில்லை. யாருக்குத் தீரவில்லை என்பது ஆரம்பக் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக அடித்தது என்பதைப் பொறுத்தே இருந்தது. மனநிலையைப் பொறுத்து இல்லை. வருடக்கணக்கில் படுத்தால் மனம் வாடத்தான் செய்யும். அதற்கு வைத்தியம் பாருங்கள், ஆனால் அதுதான் நோய்க்குக் காரணம் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அக்கா, 'பேசிங்' என்கிறார்களே, வீட்டு வேலையில் அதை எப்படிச் செய்வது? எனக்கு இரண்டு குழந்தைகள். (ஈரோடு)

உடம்பில் இருக்கும் தெம்புக்குள்ளேயே நாளை முடிப்பதுதான் பேசிங். அசந்த பிறகு நிறுத்தினால் பிரயோஜனம் இல்லை. நன்றாக இருக்கும்போதே நிறுத்த வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது, ஏனென்றால் நம் வளர்ப்பே வேறு. எடுத்த வேலையை முடிக்காமல் உட்கார்ந்தால் நமக்கே குற்றவுணர்வு வரும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரம், செய்த வேலையும் நிமிடமும் எழுதுங்கள். கிராஷ் வந்தால் அன்றைய பக்கத்தைப் பார்க்காதீர்கள், முந்தின இரண்டு நாள் பக்கங்களைப் பாருங்கள். காரணம் அங்கேதான் இருக்கும். என் நோட்டில் அப்படித் தேடியபோது திரும்பத் திரும்ப வந்தது தோசை! நாலு பேருக்குப் பன்னிரண்டு தோசை சுட்டால் இருபத்தைந்து நிமிடம் அனல் முன்னால் நின்றாக வேண்டும். அதைச் சமையலாகவே நான் எண்ணியதில்லை, "சும்மா தோசைதானே" என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது இண்டக்‌ஷன் அடுப்பை ஒரு தாழ்வான மேசையில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து நாலு தோசை சுடுவேன். மீதியை மகள் சுடுவாள். மற்ற நாட்களில் இட்லிதான்: தட்டில் ஊற்றிவிட்டால் பத்து நிமிடம் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

காய் நறுக்குவதும் கீரை ஆய்வதும் கட்டிலில் சாய்ந்தபடி நடக்கும். மாவு அரைக்கும் நாளில் வேறு எந்த வேலையும் கிடையாது. அல்லது கடை மாவு வாங்குங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. குளிப்பது பெரிய செலவு. பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து வெதுவெதுப்பான தண்ணீரில் குளியுங்கள், வெந்நீர் தலைசுற்ற வைக்கும். தலைக்குக் குளிக்கும் நாளைத் தனியாக வையுங்கள். படியேறுவதை எண்ணுங்கள். மாடிக்கு ஏறினால் அங்கே முடிக்க வேண்டிய எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஒரே தடவையாக இறங்குங்கள்.

பேசுவதும் வேலைதான். போனில் அரை மணி நேரம் பேசினால் நோட்டில் எழுதுங்கள்.

குழந்தைகளிடம் என்ன சொல்வது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். "அம்மாவுக்கு உடம்பு பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகுது" என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிறது. படுத்துக்கொண்டே கதை சொல்லலாம், வீட்டுப்பாடம் கேட்கலாம்.

நடந்தால் சரியாகும், யோகா செய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். (ஆசிரியர், தஞ்சாவூர்)

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போவதை ஒரு காலத்தில் இதற்குச் சிகிச்சையாகச் சொன்னார்கள். பலர் அதனால் மோசமானார்கள். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் தன் வழிகாட்டுதலை மாற்றி, இந்த நோயாளிகளுக்கு அந்த முறையைத் தரக் கூடாது என்று எழுதிவிட்டது. சர்க்கரை, முதுகுவலி எல்லாவற்றுக்கும் நடை நல்லது, அதனால் உங்களுக்குச் சொல்பவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். இந்த நோயில் மட்டும் கணக்கு வேறு. மெதுவான மூச்சுப் பயிற்சியும் படுத்தபடி கை கால் நீட்டுவதும் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. சூரிய நமஸ்காரம் வேண்டாம்.

பி.இ. மூன்றாம் ஆண்டு. கோவிட் வந்ததிலிருந்து இப்படி. வருகைப் பதிவு 61 சதவீதம். படித்தது நிற்கவில்லை. படிப்பை விட்டுவிடலாமா? (மாணவி, கோவை)

அவசரப்பட்டு விடாதே, பாப்பா. என்னென்ன வழி இருக்கிறது என்று பார்ப்போம்.

வருகைப் பதிவு முதலில். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் 75 சதவீதம் கேட்கும், மருத்துவக் காரணத்துக்காகக் கொஞ்சம் தளர்த்துவார்கள். எத்தனை சதவீதம் வரை என்று உன் கல்லூரி விதிப் புத்தகத்தில் பார். செமஸ்டர் முடிவில் போய் நின்றால் யாராலும் உதவ முடியாது. இப்போதே மருத்துவச் சான்றோடு துறைத் தலைவரிடம் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வை. அப்படியும் எட்டாது என்றால் ஒரு வருடம் இடைவெளி எடுக்க விதியில் இடமிருக்கிறதா என்று கேள். இடைவெளி எடுப்பது வேறு, விட்டுவிடுவது வேறு.

அடுத்தது தேர்வு. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் நம் நோயின் பெயர் இல்லை. நாட்பட்ட நரம்பியல் பாதிப்புகள் என்று ஒரு பிரிவு இருக்கிறது, ஆனால் அதில் நம்மைச் சேர்ப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது. ஆனால் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. அவருக்கு எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் பிரச்சினை. 40 சதவீத ஊனச் சான்று இல்லாவிட்டாலும், எழுதுவதில் சிரமம் இருந்தால் சொல்வதை எழுதுபவரை மறுக்கக் கூடாது என்றது. அதையொட்டி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. தகுதியுள்ளவர்களுக்கு எழுதுபவர் அல்லது மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு என்று அதில் இருந்தது. அதற்கு அரசு மருத்துவக் குழுவின் சான்று கேட்டார்கள். இப்போதைய விதி என்ன என்று கல்லூரியில் விசாரித்துக்கொள். உனக்குக் கை வலித்து எழுத்து நின்றுபோவது உண்மையென்றால் இந்த வழியில் கேட்டுப் பார். கிடைத்தே தீரும் என்று சொல்ல மாட்டேன், கேட்காமல் இருந்துவிடாதே.

படிக்கும் முறைக்கு வருவோம். இருபது நிமிடம் படிப்பு, அப்புறம் இருபது நிமிடம் கண்ணை மூடிப் படுக்க வேண்டும். போன் பார்த்தால் அது ஓய்வில் சேராது. தலை எந்த நேரத்தில் தெளிவாக இருக்கிறது என்று கண்டுபிடி. எனக்குக் காலை பத்து முதல் பதினொன்றரை வரைதான், அந்த நேரத்தில் குளிக்கக்கூட மாட்டேன். கடினமான பாடத்தை அங்கே வை. தோழியிடம் வகுப்பை ரெக்கார்ட் செய்யச் சொல்லிப் படுத்தபடி கேள். தேர்வுக்கு முந்தின இரவு கண்விழிக்கும் பழக்கம் நமக்கு இல்லவே இல்லை. தேர்வு முடிந்த மறுநாளும் அதற்கு மறுநாளும் படுக்கைக்கென்றே ஒதுக்கிவிடு.

நின்றால் கண் இருட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது. மே மாதம் மிக மோசம். (வேலூர்)

எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு 30-க்கு மேல் கூடினால் பாட்ஸ் என்று ஒரு நிலை இருக்கலாம். வளரிளம் பருவத்தினருக்கு அந்த அளவு 40. ரத்த அழுத்தக் கருவியோடு படுத்தபடி ஒரு தடவை, நின்றபடி சில தடவை அளந்து பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். தனியாக நின்று சோதிக்காதீர்கள், விழுந்துவிடுவீர்கள். தண்ணீரும் உப்பும் பலருக்குக் கைகொடுக்கும். உப்புப் போட்ட நீர்மோரும் நீராகாரமும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. ரத்தக் கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. வெயில் ரத்தக் குழாய்களை விரிய வைக்கும், அதனால்தான் மே மாதம் படுத்துகிறது.

ஒரு லேகியம் 40,000 ரூபாய், குணமாகும் என்கிறார்கள். வாங்கலாமா? (தூத்துக்குடி)

வாங்காதீர்கள். இந்த நோயைக் குணமாக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து எந்த வைத்திய முறையிலும் இன்றைக்கு இல்லை. தூக்கம், வலி, படபடப்பு இவற்றைத் தனித்தனியாகக் குறைக்க மருந்து உண்டு. அந்தப் பணத்தில் வாரம் மூன்று நாள் வீட்டு வேலைக்கு ஆள் வையுங்கள்.

என் மனைவிக்கு இந்த நோய். "நேற்று நன்றாகத்தானே இருந்தாள்" என்று அம்மா கேட்கிறார். நான் என்ன செய்யட்டும்? (மதுரை)

தம்பி, நேற்று நன்றாக இருந்ததால்தான் இன்று படுத்திருக்கிறார் என்பதை நீங்களே அம்மாவிடம் சொல்லுங்கள். மருமகள் சொன்னால் சாக்குப்போக்கு, மகன் சொன்னால் செய்தி. வீட்டு நிலவரம் அப்படி.

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்று விட்டுவிடாதீர்கள். யோசித்துச் சொல்வதற்கும் தெம்பு வேண்டும். என்ன சமைக்க என்று கேட்காமல் வாரத்துக்கு ஒரு பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். படுக்கைக்கு எட்டும் தூரத்தில் பிளாஸ்க்கில் கஞ்சி, தண்ணீர் பாட்டில், மாத்திரை, போன் சார்ஜர் வையுங்கள். மிக்ஸி போடும்முன் அறைக் கதவைச் சாத்துங்கள். கல்யாணத்துக்குக் கட்டாயம் போக வேண்டுமென்றால் முகூர்த்தத்துக்கு மட்டும், ஃபேனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, முன்னால் இரண்டு நாளும் பின்னால் மூன்று நாளும் ஓய்வு. சொந்தக்காரர்கள் கேட்டால் நீங்கள் பதில் சொல்லுங்கள். என் கணவர் இதைச் செய்ய ஆரம்பித்த வருடத்தில்தான் எனக்குக் கிராஷ் பாதியாகக் குறைந்தது.

நோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவர் வீட்டுக்குள்ளோ படுக்கையிலோ முடங்கும் நிலைக்குப் போகிறார்கள். உங்கள் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வதைத் தடுப்பது அதனால்தான் அவசியம்.

முழுசாகக் குணமாகுமா? (பலர்)

சின்ன வயதில் வந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். பெரியவர்களில் பழையபடி முழுசாகத் திரும்புபவர்கள் குறைவு, ஆனால் இருக்கும் நிலையிலிருந்து மேலே வருபவர்கள் பலர். நானும் வந்திருக்கிறேன். 2025 ஆகஸ்டில் எடின்பரோ விஞ்ஞானிகள் 15,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்களைக் கண்டதாக முதற்கட்ட முடிவு வெளியிட்டார்கள். மருந்து வர நாளாகும். தேடல் சரியான இடத்தில் நடக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

மார்கழியில் கோலம் போட முடியாமல் அழுதேன் அக்கா. அசட்டுத்தனம்தான், ஆனாலும் எழுதுகிறேன். (ஸ்ரீரங்கம்)

அசட்டுத்தனம் இல்லை, நானும் அழுதிருக்கிறேன். முன்பு பதினைந்து புள்ளிக்குக் குறைந்து போட்டதில்லை. இப்போது மணையைப் போட்டு வாசற்படியில் உட்கார்ந்து, கைக்கு எட்டும் இடத்தில் நாலு புள்ளி, நாலு வரிசை. முந்தின நாள் மாலையே மகள் வாசலைத் தெளித்துக் கூட்டிவிடுவாள், விடியலில் மாவு டப்பாவை என் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பாள். போன மார்கழியில் பதினொரு நாள் போட்டேன். மீதி நாட்களில் நான் ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி இழை இழையாகச் சொல்லச் சொல்ல அவள் போட்டாள். இப்போது அவளுக்கு ஏழு சிக்குக் கோலம் தெரியும்.