ஹோம்கமிங்குக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து டெக்சாஸ் மாநிலம் ஃப்ரிஸ்கோவுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மகள் பத்தாவது படிக்கிறாள், படிப்பில் கெட்டி. இரண்டு வாரமாக வீட்டில் அவள் பள்ளியின் ஹோம்கமிங் விழா பேச்சுதான். நெஞ்சில் மாட்டிக்கொள்ள ஒரு பெரிய பூவாம், அதற்கு 150 டாலராம். அந்த வாரம் தினம் ஒரு வேஷம், வெள்ளிக்கிழமை மேட்ச், சனிக்கிழமை டான்ஸ். அவள் அப்பா, "பத்தாவதில் என்ன கூத்து?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். கொலுவும் அதே வாரம்தான். அன்றிலிருந்து அவள் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை. நான் யார் பக்கம் நிற்பது?

பதில்: உங்கள் மகள் பக்கம் நில்லுங்கள். அப்புறம் அவள் அப்பாவையும் மெதுவாக அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு வாருங்கள். இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஹூஸ்டன் பக்கம் நாங்கள் குடிவந்த புதிதில் என் மூத்தவள் ஒன்பதாவது. அவளும் அந்தப் பூவைக் கேட்டாள். "பூவுக்கு இவ்வளவு காசா?" என்று கேட்டேன், அவ்வளவுதான். "சரிம்மா" என்றாள், அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. நான் நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டாவது முடியும்போது இயர்புக், அதாவது பள்ளியின் ஆண்டு மலர் வந்தது, தடித்த அட்டை போட்டு, ஏறத்தாழ ஒரு கல்யாண ஆல்பம் அளவுக்கு. அதன் கடைசியில் எல்லா மாணவர்களின் பெயரும் அகர வரிசையில் இருக்கும், பெயருக்கு எதிரே அவர்கள் படம் எந்தெந்தப் பக்கங்களில் வந்திருக்கிறது என்று எண் போட்டிருப்பார்கள். அவள் தோழிகளின் பெயருக்கு எதிரே ஐந்து, ஆறு எண்கள் இருந்தன. என் மகளுக்கு ஒரே ஒரு எண், எல்லோருக்கும் எடுக்கும் அந்த பாஸ்போர்ட் மாதிரிப் படம் உள்ள பக்கம். விரலை அந்த எண் மேல் வைத்தபடி நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நாலு வருடம் அந்தக் கட்டடத்துக்குள் போய்வந்திருக்கிறாள், மார்க்கெல்லாம் நன்றாகத்தான் வாங்கினாள், ஆனால் அங்கே அவள் இருந்ததற்கு அந்த ஒரு எண்தான்.

உங்கள் வீட்டுக்காரரின் கோபத்தை நான் தப்பு சொல்லமாட்டேன். "பத்தாவது" என்று காதில் விழுந்ததும் நம் ஊர் பப்ளிக் எக்ஸாம் ஞாபகம் வருகிறது. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்ட, ஆண்டு விழாவில் சேராதே என்று வீட்டில் சொல்லிவிட்ட அந்த வருடம்தானே அவர் பார்த்த பத்தாவது. இங்கே அப்படி ஒரே தேர்வில் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் வருடம் கிடையாது. மார்க் முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடியாக இடம் என்று 1997இல் டெக்சாஸ் சட்டம் போட்டது (ஆஸ்டின் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் வரம்பு இன்னும் இறுக்கம்), அதனால் ரேங்க் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் அந்த ரேங்க் வருடக்கணக்காகச் சேர்த்துக் கட்டுவது, ஒரு வாரத்தில் அது சரிந்துவிடாது. அவரிடம் இதையும் சொல்லுங்கள்: 1984இலிருந்தே இந்த மாநிலத்தில் 'நோ பாஸ், நோ ப்ளே' என்று ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு பாடத்தில் 70க்குக் கீழே இறங்கினால் ஃபுட்பால் ஆடுகிற பையனானாலும் மார்ச்சிங் பேண்டில் டிரம்ஸ் அடிக்கிற பெண்ணானாலும் மூன்று வாரம் வெளியே உட்கார வேண்டியதுதான். படிக்காமல் ஆடலாம் என்று இங்கே பள்ளிக்கூடமே விடுவதில்லை.

சரி, இந்த ஹோம்கமிங் என்பது என்ன? பழைய மாணவர்கள் தாங்கள் படித்த இடத்துக்குத் திரும்பி வருகிற நாள். மிசூரி, இல்லினாய் என்று பல இடங்கள் நாங்கள்தான் முதலில் நடத்தினோம் என்று சொல்லிக்கொள்கின்றன, ஆனால் உங்கள் ஊரிலிருந்து சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய வேக்கோவில் பெய்லர் பல்கலைக்கழகம் 1909லேயே நடத்தியிருக்கிறது. அந்தப் பூ, 'மம்' என்கிறார்களே, அது நம் சாமந்திதான்! முன்பு நிஜச் சாமந்திப் பூவில் இரண்டு ரிப்பன் தொங்கவிட்டு ஆண் பிள்ளைகள் பெண்களுக்குக் கொடுப்பார்கள். இப்போது துணியில் செய்த பூ, அதில் முழங்கால் வரை பள்ளியின் வண்ணத்தில் ரிப்பன், பின்னல், கரடி பொம்மை, குட்டி மணிகள். பையன்களுக்கு இதையே சின்னதாகக் கையில் கட்டிக்கொள்கிற கார்ட்டர். சின்னவள் ஹைஸ்கூல் வந்தபோது நான் திருந்தியிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டபோது நாலா பக்கமிருந்தும் அந்த மணிச் சத்தம், சலங்கை கட்டிக்கொண்டு நூறு பெண்கள் அரங்கேற்றத்துக்குப் போகிற மாதிரி. அந்தச் சத்தத்துக்கு நடுவே மணி இல்லாமல் நடந்துபோவது எப்படி இருந்திருக்கும் என்று மூத்தவளை நினைத்து அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

உங்கள் மகள் ஊரையும் தோழிகளையும் விட்டு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. மற்றவர்கள் கேஜியிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். ஸ்பிரிட் வீக் என்கிற அந்த வேஷ வாரத்தில் திங்கள்கிழமை பைஜாமா போட்டுக்கொண்டு போவதும், புதன்கிழமை தோழியோடு ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு போவதும், மேட்சுக்கு முன்னால் பள்ளியே கூடி டீமுக்கு உற்சாகம் ஊட்டுகிற பெப் ராலியில் தொண்டை கட்டக் கத்துவதும் நமக்கு விளையாட்டாகத் தெரிகிறது. நீங்களும் ஸ்போர்ட்ஸ் டேக்கு நீல ஹவுஸ், சிவப்பு ஹவுஸ் என்று கத்தியவர்தானே? பக்கத்தில் ஆலனில் ஒரே ஒரு ஹைஸ்கூலுக்காக 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்தை 2012இல் திறந்தார்கள். அவ்வளவு தூரம் ஊரே வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு இடத்தில் கூடுகிறது, உங்கள் பெண் மட்டும் ஏன் வீட்டில் இருக்க வேண்டும்?

டான்ஸ்தான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். ஜோடியாகத்தான் போக வேண்டும் என்றில்லை, தோழிகள் ஏழெட்டுப் பேர் கூட்டமாகச் சாப்பிட்டுவிட்டுப் போவது சாதாரணம். உள்ளே ஆசிரியர்கள் இருப்பார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது டான்ஸ் முடிந்த பிறகு எங்கே, யார் வண்டி ஓட்டுவது என்பதைத்தான். புதிதாக லைசென்ஸ் வாங்கிய 18 வயதுக்குட்பட்டவர்கள் முதல் 12 மாதம், வேலை மாதிரி சில காரணங்கள் தவிர, நள்ளிரவு 12லிருந்து காலை 5 வரை ஓட்டக்கூடாது. 21 வயதுக்குட்பட்ட வெளியாள் ஒருவருக்கு மேல் ஏற்றவும் கூடாது. அதனால் திரும்பக் கூட்டிவர அப்பாவே போகட்டும், கூட வரும் தோழிகள் ஒன்றிரண்டு பேரையும் அவரே வீட்டில் விடட்டும். நீங்கள் பத்து அறிவுரை சொல்வதைவிட அந்த இருபது நிமிட கார் பயணத்தில் அவருக்கு அதிகம் புரியும்.

கொலுவை இதற்குப் போட்டியாக நிறுத்தாதீர்கள். செவ்வாயோ புதனோ ஒரு மாலை அந்தத் தோழிகளைச் சுண்டலுக்குக் கூப்பிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை நம்மவர்கள் வரட்டும்.

பூவை 150 டாலருக்கு வாங்கவே வேண்டாம். கைவினைப் பொருள் கடைகளில் பூ, அட்டை, ரிப்பன், மணி எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும், பல அம்மாக்கள் வீட்டில்தான் செய்கிறார்கள். பள்ளியின் வண்ணம் எது என்று அவளிடம் கேளுங்கள். வெள்ளை, வெள்ளி, தங்க நிறம் பெரும்பாலும் பன்னிரண்டாவதுகாரர்களுக்கு, அதை எடுத்துவிடாதீர்கள். பெயர் எழுத்துகளை ரிப்பனில் ஒட்டும்போது பசை காய ஒரு ராத்திரி விடுங்கள், இல்லாவிட்டால் காலையில் பாதி எழுத்து உதிர்ந்துவிடும். ஊசி குத்தி மட்டும் மாட்டாதீர்கள். கனம் தாங்காமல் சட்டை கிழியும். பின்னால் ஒரு ரிப்பன் வைத்துத் தைத்துக் கழுத்தில் தொங்குகிற மாதிரி செய்துகொடுங்கள். மணிகளைக் கோக்கும் வேலையை அவள் அப்பாவிடம் விடுங்கள்.