முழு அயர்ன்மேன் தூரத்தில் விட்டுவிடலாம் என்று தோன்றிய நேரத்தை எப்படிக் கடந்தீர்கள்?

கேள்வி: நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் கோவா அரை அயர்ன்மேன் போட்டியில், சைக்கிளில் 70-வது கிலோமீட்டரில் வாந்தி எடுத்து வெளியேறிவிட்டேன். எனக்கு மன உறுதி போதவில்லை என்று நினைக்கிறேன். முழுத் தூரத்தை முடித்தவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தீர்கள்?

உங்களுக்கு மன உறுதி போதவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அரபிக்கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்தி, கரையேறி, அந்த வெயிலில் 70 கிலோமீட்டர் மிதித்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஏற்பட்ட சிக்கல் பெரும்பாலும் வயிற்றில்தான் இருந்திருக்கும். இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. "எனக்குத் திடம் பத்தாது" என்று நானும் ஒரு வருடம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன்.

லங்காவிக்கு முழுத் தூரத்துக்காக இரண்டு முறை போனேன். அறியாதவர்களுக்காக: கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்பிறகு 42.2 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இடையிலும் கட்ஆஃப் உண்டு. நீச்சலுக்கு 2 மணி 20 நிமிடம், சைக்கிளை முடிக்கத் தொடக்கத்திலிருந்து பத்தரை மணி நேரம். லங்காவி மலேசியாவின் கெடா மாநிலத்துத் தீவு. ராஜேந்திர சோழன் கடல் கடந்து போன கடாரம் என்று பள்ளியில் படித்தோமே, அந்தக் கெடாதான். வெயில் சென்னைக்காரருக்குப் புதிது இல்லை. ஆனால் அங்கே காற்றில் இருக்கும் ஈரத்தில் வியர்வை காயவே காயாது, உடம்பிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும்.

முதல் முறை, "தண்ணி நிறையக் குடி" என்று எல்லோரும் சொன்னதைக் கேட்டு வெறும் தண்ணீராகக் குடித்தேன். நூறாவது கிலோமீட்டர் தாண்டியதும் வயிறு பானை மாதிரி ஆகிவிட்டது. சக்திக்காகச் சாப்பிடும் இனிப்பு ஜெல்லை வாயில் வைத்தாலே குமட்டல். மோதிரம் விரலில் இறுகிக்கொண்டது. அதை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 150 கிலோமீட்டர் வாக்கில் சாலையோரம் நின்று வாந்தி எடுத்தேன். கட்ஆஃப் தாண்டிவிட்டது என்று சொல்லி வண்டியில் ஏற்றினார்கள். வண்டியின் ஜன்னல் வழியே, எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு வயதான பெரியவர் இன்னும் மிதிப்பதைப் பார்த்தேன். அழுகையை அடக்க முடியவில்லை.

ஊருக்கு வந்ததும் நான் செய்தது என்ன தெரியுமா? இன்னும் கடுமையாகப் பயிற்சி எடுத்தேன். ஞாயிறு காலை நான்கு மணிக்கு ஈசிஆரில் சைக்கிள், மாமல்லபுரம் போய்த் திரும்பி, மறுபடி பாதி தூரம். நீலாங்கரைக் கடலில் அலை இருந்தாலும் இறங்குவேன். வலியைப் பொறுக்கப் பழகினால் போதும் என்று நினைத்தேன். எங்கள் குழுவில் இருக்கும் ஒரு அண்ணன்தான் ஒருநாள் கேட்டார்: "மனசை விடுங்கம்மா. ஓடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாத்திருக்கீங்களா?"

பார்த்ததே இல்லை. அந்த மே மாதம் ஒரு காலையில் பெசன்ட் நகரில் சரியாக ஒரு மணி நேரம் ஓடினேன். நடுவில் 400 மில்லி குடித்தேன். ஓடி முடித்து, துடைத்துக்கொண்டு எடை பார்த்தால் 900 கிராம் குறைந்திருக்கிறது. அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 1.3 லிட்டர் வியர்வை. ஒரு லிட்டர் வியர்வையோடு அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை சோடியம் போகும், ஆளுக்கு ஆள் மாறும். நான் அன்று எட்டு மணி நேரம் உப்பை இழந்துகொண்டே வெறும் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் குமட்டலும் வீக்கமும் வரும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. இறுகிய மோதிரத்துக்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

இன்னொன்றும் புரிந்தது. நாம் எரிக்கும் சக்தியில் முக்கால் பங்கு வெறும் சூடாகத்தான் வெளியே வருகிறது. அந்தச் சூட்டைத் தணிக்க ரத்தம் தோலுக்கு ஓட வேண்டும், கால் தசைக்கும் ஓட வேண்டும். குடலுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்த நிலையில் ஜெல் மேல் ஜெல்லாகப் போட்டால் அது வயிற்றிலேயே தங்கிக் குமட்டும். அதற்கு ஒரே வழி, வேகத்தைக் குறைப்பது. வேகம் குறைந்தால் சூடு குறையும், வயிறு மறுபடி வேலை செய்யத் தொடங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு அதே வேகத்தில் போவதைத்தான் நாம் மன உறுதி என்று நினைக்கிறோம். அந்தப் பழக்கம்தான் என்னை அந்த வண்டியில் ஏற்றியது.

2016-ல் மெக்சிகோவின் கோசுமெல் தீவில், இதே மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டியில், பிரிட்டன் வீரர் ஜானதன் பிரவுன்லிக்கு நடந்தது நினைவிருக்கலாம். 2012-ன் உலகச் சாம்பியன், ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. முன்னணியில் ஓடி வந்தவர், எல்லைக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது வெயிலில் கால் பின்னித் தள்ளாடினார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர் அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு ஓடி, எல்லைக்கோட்டில் தம்பியை முன்னால் தள்ளிவிட்டார். அது முழுத் தூரமும் இல்லை, அதைவிட மிகக் குறைந்த ஒலிம்பிக் தூரம்தான். அவரிடம் மன உறுதி குறைவு என்று யாராவது சொல்வார்களா?

சரி, இரண்டாம் முறைக்கு வருகிறேன்.

நீச்சலில் சொல்ல அதிகம் இல்லை. தண்ணீர் வெதுவெதுப்பு, ரப்பர் உடைக்கு அனுமதி கிடையாது. முன்கையில் சொறிமீன் தீண்டியது, ஒரு மணி நேரம் எரிந்தது. 1 மணி 38 நிமிடத்தில் கரையேறினேன். சைக்கிளில் என் வேலை ஒன்றே ஒன்றுதான்: கடிகாரம் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கும், ஒலித்தால் சாப்பிட வேண்டும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, முக்கால் லிட்டர் உப்புக் கரைசல். மேடுகளில் என்னைத் தாண்டிப் போனவர்களைப் போகவிட்டேன். போன வருடம் நின்ற இடத்தைத் தாண்டும்போது தலையைத் திருப்பாமல் போனேன். 7 மணி 55 நிமிடம் ஆயிற்று. உடை மாற்றி ஓட்டத்துக்குக் கிளம்பியபோது மொத்தம் 10 மணி நேரம் கழிந்திருந்தது. 42 கிலோமீட்டருக்கு ஏழு மணி நேரம் கையில் இருந்தது.

பதினாறாவது கிலோமீட்டரில் எல்லாம் குலைந்தது. இவ்வளவு திட்டமிட்டும் மறுபடி வாந்தி. தொடைகள் இறுகி, குதிகால் தரையில் படும்போதெல்லாம் வலி இடுப்பு வரை ஏறியது. ஒரே பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும், சுற்றுக்கு ஒரு வளையம் கையில் மாட்டுவார்கள். எதிரே வருபவர்களின் கைகளில் இருந்த வளையங்களை எண்ணாமல் இருக்க முடியவில்லை. வழியில் தண்ணீரும் தின்பண்டமும் தரும் எய்ட் ஸ்டேஷனில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. உட்காரப் போனேன்.

"அக்கா, உக்காராதீங்க. உக்காந்தா எழுந்திரிக்க முடியாது. நின்னுக்கிட்டே குடிங்க."

என் முகத்தைப் பார்த்தே தமிழ் என்று கண்டுபிடித்த அந்தத் தன்னார்வலர் அதே கெடாவில் உள்ள சுங்கை பட்டாணி ஊர்க்காரப் பெண், கல்லூரி மாணவி. தொப்பியைக் கழற்றச் சொல்லி உள்ளே ஒரு கை நிறைய ஐஸ் போட்டு மாட்டிவிட்டாள். கழுத்துத் துணியிலும் கட்டினாள். கோக் கொஞ்சம், உப்பு பிஸ்கட் இரண்டு. "பத்து நிமிஷம் நடங்க அக்கா, ஓடாதீங்க, வயித்துல நின்னுச்சுன்னா அப்புறம் பாப்போம்" என்றாள். தன் அத்தையிடம் பேசுவது போலத்தான் பேசினாள். இன்று வரை அந்தக் குரலை மறக்கவில்லை.

நடந்தேன். நடந்துகொண்டே எனக்கு நானே சோதனை வைத்தேன். இன்று என்ன கிழமை? 42-ல் 16 போனால் எவ்வளவு? மிச்சம் 26, கையில் நான்கரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம். கணக்கு வந்தது. வேகமாக நடந்தாலே ஏறக்குறைய பத்து நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் போய்விடலாம். ஓடினால் கிடைப்பது லாபம். அந்தக் கணக்கு முடிந்த நொடியில் பயம் பாதி இறங்கியது.

இந்தச் சோதனையைக் கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள். கால் வலி, குமட்டல், அழுகை, "ஏன்டா வந்தோம்" என்ற எண்ணம், இதெல்லாம் வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் கடக்கும். ஆனால் எளிய கழித்தல் வரவில்லை, பேச்சு குழறுகிறது, வெயிலில் குளிர் நடுக்கம், நெஞ்சில் வலி என்றால் அந்த இடத்திலேயே நின்று மருத்துவக் குழுவைக் கூப்பிட வேண்டும். அங்கே தாக்குப்பிடிப்பது என்ற பேச்சே கூடாது. கணக்கு தப்பியிருந்தால் நானும் நின்றிருப்பேன், இரண்டாம் முறையும் பதக்கம் இல்லாமல் திரும்பியிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் போனேன்.

பத்து நிமிடம் கழித்து பிஸ்கட் வயிற்றில் நின்றிருந்தது. ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்ததற்கு ஓட்டம், அதற்கடுத்ததற்கு நடை. ஒவ்வொரு எய்ட் ஸ்டேஷனிலும் ஐஸ், ஒரு வாய் கோக், தர்பூசணித் துண்டு, சால்ட் கேப்ஸ்யூல். இருட்டியதும் வெயில் போன தெம்பு. முப்பதாவது கிலோமீட்டரிலிருந்து எனக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பானியப் பெரியவர் நடந்தார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. நான் ஓடினால் அவர் ஓடுவார், அவர் நின்றால் நான் நிற்பேன். அப்படியே எட்டு கிலோமீட்டர்.

16 மணி 32 நிமிடம். நள்ளிரவு தாண்டியிருந்தது. அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன், அவளுடைய ஷிஃப்ட் முடிந்து போய்விட்டாள் என்றார்கள்.

உங்களுக்கு அடுத்த கோவா வருவதற்குள் இரண்டு வேலை செய்யுங்கள். போட்டி வேகத்தில், போட்டி நேரத்து வெயிலில் ஒரு மணி நேரம் ஓடி, முன்னும் பின்னும் எடை பாருங்கள். சைக்கிளுக்கும் தனியாகப் பாருங்கள், காற்று படுவதால் அந்தக் கணக்கு வேறு. நீண்ட பயிற்சியில் என்ன சாப்பிடுகிறீர்களோ அதை மட்டுமே போட்டியன்று சாப்பிடுங்கள். ஸ்டாலில் இலவசமாகக் கொடுத்த புது ஜெல்லைப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள், நான் போனேன். அப்புறம், அன்று 70-வது கிலோமீட்டர் வரை என்ன குடித்தீர்கள், எவ்வளவு குடித்தீர்கள், உப்பு ஏதாவது எடுத்தீர்களா என்று நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். எடைக் கணக்கையும் சேர்த்து எழுதினால் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.